வெலிக்கி நோவ்கோரத்: ஒரு நாள் திட்டம் எங்கே உடைகிறது? – ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட திட்டம்

சென்னையிலிருந்து கிளம்பும் நால்வர்: அறுபதைத் தாண்டிய கணவன் மனைவி, அவர்களுடைய மகள், பத்து வயதுப் பேரன். ஜூலை மாதம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தங்குகிறார்கள். அதில் ஒரு நாளை எடுத்து வெலிக்கி நோவ்கோரத்துக்குப் போய்வர நினைக்கிறார்கள். நாள் செவ்வாய்க்கிழமை. காலை ரயில் பிடித்து 10 மணி வாக்கில் இறங்குவது; கிரெம்ளின் (ஊரின் பழைய மதில் சூழ்ந்த கோட்டை), சோபியா பேராலயம், ‘ரஷ்யாவின் ஆயிரமாண்டு’ நினைவுச்சின்னம், அருங்காட்சியகம், சாப்பாடு, ஆற்றைக் கடந்து யரஸ்லாவ் முற்றம், இல்யினா தெருத் தேவாலயம், பிறகு பஸ்ஸில் யூரியெவ் மடம், மரக்கட்டடத் திறந்தவெளி அருங்காட்சியகம்; மாலை 7 மணிக்குத் திரும்பும் ரயில்.

இது குறிப்பிட்ட ஒரு குடும்பத்தின் கதையல்ல. இந்த ஊருக்கு முதல்முறை போகிறவர்கள் எழுதும் திட்டம் பெரும்பாலும் இந்த அச்சில்தான் இருக்கும் என்பதால் மாதிரியாக எடுத்துக்கொள்கிறோம். தாளில் பார்த்தால் குறை தெரியாது. இடங்கள் எல்லாம் சரி, தூரமும் அதிகமில்லை. ஆனாலும் இது நான்கு இடங்களில் உடையும். முதல் உடைப்பு கிழமையிலேயே தொடங்குகிறது.

ஊர் எது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்

ரஷ்யாவில் பெரிய நோவ்கோரத்கள் இரண்டு. வோல்கா ஆற்றங்கரையில், மாஸ்கோவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டரில் இருப்பது நீழ்னி நோவ்கோரத். நாம் பேசுவது பீட்டர்ஸ்பர்க்குக்குத் தெற்கே 200 கிலோமீட்டருக்குள், வோல்கோவ் ஆற்றின் மேல் இருக்கும் வெலிக்கி நோவ்கோரத். இந்தக் குழப்பம் ஓயட்டும் என்றுதான் 1999இல் ‘வெலிக்கி’யை ஊரின் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே சேர்த்தார்கள். அப்படியும் விடுதித் தளங்களில் ‘நோவ்கோரத்’ என்று மட்டும் தேடினால் பெரிய நகரமான நீழ்னி முன்னால் வந்து நிற்கும். பணம் கட்டுவதற்கு முன் வரைபடத்தில் இல்மென் ஏரி பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏரி தெரிந்தால் ஊர் சரி. ரயில் நிலையத்தின் பெயர் ‘நோவ்கோரத்-நா-வோல்கோவே’, அதாவது வோல்கோவ் மேலுள்ள நோவ்கோரத். பயணச்சீட்டில் அந்தப் பெயர் இருந்தால் பதற வேண்டாம்.

ஏன் இந்த ஊர்

பழைய ரஷ்ய வரலாற்றுக் குறிப்பேடுகளில் 859ஆம் ஆண்டிலேயே பெயர் வரும் நகரம் இது. 1136 முதல் 1478 வரை இது குடியரசு. ‘வெச்சே’ என்னும் நகர மன்றம் இளவரசர்களை அழைக்கவும் அனுப்பவும் செய்தது. வட ஐரோப்பிய வணிக நகரங்களின் கூட்டணியான ஹன்சாவின் வணிகர்களுக்கு இங்கே சொந்த முற்றம் இருந்தது. 1478இல் மாஸ்கோவின் மூன்றாம் இவான் ஊரைப் பிடித்து மன்ற மணியைக் கழற்றிக்கொண்டு போனார். 1570இல் நான்காம் இவானின் படை இங்கே நடத்திய படுகொலையோடு ஊரின் பழைய செல்வாக்கு முடிந்தது. மங்கோலியப் படையெடுப்பு இந்த நகரத்தை எட்டவில்லை. அதனால்தான் 11, 12ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள் இத்தனை ஒரே ஊரில் தப்பி நிற்கின்றன. 1992இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

இரண்டாம் உலகப் போர் மட்டும் விட்டுவைக்கவில்லை. 1941 ஆகஸ்டிலிருந்து 1944 ஜனவரி வரை ஊர் ஜெர்மானியர் கையில் இருந்தது. மீண்டபோது முழுதாக நின்ற வீடுகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். இன்று பார்க்கும் பல தேவாலயங்கள் போருக்குப் பின் செங்கல் செங்கலாகத் திரும்ப எழுப்பியவை. இதைத் தெரிந்துகொண்டு போனால் பார்க்கும் கண்ணே வேறாகிவிடும்.

முதல் உடைப்பு: செவ்வாய்க்கிழமை

நோவ்கோரத் அருங்காட்சியகம் என்பது ஒரே கட்டடமல்ல. ஒரே நிர்வாகத்தின் கீழ் ஊர் முழுக்கப் பரவிய பல கட்டடங்கள். ஒவ்வொன்றுக்கும் விடுமுறை நாள் வேறு. கிரெம்ளினுக்குள் இருக்கும் முதன்மைக் கட்டடத்துக்கு வழக்கமாகச் செவ்வாயும் மாதத்தின் கடைசி வியாழனும் விடுமுறை. அதே வளாகத்தில் பேராயரின் பழைய கூடமான முகப்பு மண்டபம் புதனிலும் மாதத்தின் கடைசி வெள்ளியிலும் மூடும். நுண்கலைக் கட்டடம் திங்களன்று மூடும். கடைசி வியாழன், கடைசி வெள்ளி என்று வருபவை துப்புரவு நாட்கள். பயண முகவர்களே மறக்கும் விஷயம் இது. கிழமை சரியாக இருக்கிறதே என்று நம்பி மாதக் கடைசியில் வந்து பூட்டைப் பார்ப்பவர்கள் உண்டு.

நம் மாதிரித் திட்டம் செவ்வாய். முதன்மைக் கட்டடம் போயிற்று. அதோடு பிர்ச் மரப்பட்டைக் கடிதங்களும் ஐகான் என்னும் பழைய திருவுருவ ஓவியங்களும் போயின. இந்த ஊருக்கு வந்து அவற்றைப் பார்க்காமல் திரும்புவது பெரிய இழப்பு. எனவே தேதியை முதலில் போட்டு இடங்களை அதற்குள் திணிக்காதீர்கள். மூடும் நாட்களை முதலில் எழுதுங்கள். மிச்சமாகும் கிழமையில் பயணத்தை வையுங்கள். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் நேரம் மாறும் என்பதால் அருங்காட்சியகத்தின் தளத்தில் ஒரு வாரம் முன்பு ஒருமுறையும், முந்தைய மாலை இன்னொருமுறையும் பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் உடைப்பு: மழை

இல்யினா தெருவில் 1374இல் கட்டிய உருமாற்றத் தேவாலயத்தின் சுவர்களில், பைசாந்தியத்திலிருந்து வந்த கிரேக்கரான தியோஃபனிஸ் 1378இல் தீட்டிய ஓவியங்கள் இருக்கின்றன. அவர் கையால் தீட்டியவை என்று எழுத்துச் சான்றோடு எஞ்சிய சுவரோவியங்கள் இவைதாம். செம்மண் பழுப்பில் முகம். அதன்மேல் ஒரே இழுப்பில் வெள்ளைக் கோடுகள், மின்னல் விழுந்ததுபோல. குவிமாடத்தில் உள்ள கிறிஸ்துவின் கண்களைக் கீழிருந்து நிமிர்ந்து பார்க்க வேண்டும். மூலையிலுள்ள சிற்றறையில்தான் துறவிகளின் உருவங்கள் நன்றாக எஞ்சியிருக்கின்றன. குறுகலான படிக்கட்டு ஏறிப் போக வேண்டும்; முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே நின்று பார்ப்பதே நல்லது.

சிக்கல் என்னவென்றால், காற்றில் ஈரம் கூடினால் இந்தக் கதவைத் திறக்க மாட்டார்கள். ஈர உடையோடு ஆட்கள் உள்ளே போனால் நீராவி குளிர்ந்த சுவரில் படியும். பூச்சுக்குள் இருக்கும் உப்பு கரைந்து, காயும்போது மேலே வந்து வண்ணத்தை உரிக்கும். எனவே மழை நாளில் காவலரிடம் கெஞ்சுவதில் அர்த்தமில்லை. அவர் செய்வதே சரி. ஜூலையில் இங்கே மழை சாதாரணம். ஒரு நாள் பயணத்தில் இந்த வாய்ப்பு ஒருமுறைதான். இரண்டு நாள் என்றால் இரண்டு வாய்ப்பு. ஓர் இரவு தங்குவதற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை.

மூன்றாம் உடைப்பு: கூட்டல் கணக்கு

நிதானமான நடையில் ஒவ்வொன்றுக்கும் வேண்டிய நேரத்தைக் கூட்டுவோம். நிலையத்திலிருந்து கிரெம்ளின் வரை ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர். போக 20, வர 20 நிமிடம். கிரெம்ளின் வளாகமும் மதிலும் 60. பேராலயம் 45. நினைவுச்சின்னம் 30. முதன்மை அருங்காட்சியகம் குறைந்தது 120. சாப்பாடு 60. பாலம் கடந்து யரஸ்லாவ் முற்றம் 60. இல்யினா தெரு, நடையோடு சேர்த்து 50. யூரியெவ் பக்கம் போகவர பஸ்ஸும் காத்திருப்பும் 75. மடம் 45. மரக்கட்டடங்கள் 120. மொத்தம் 705 நிமிடம், அதாவது 11 மணி 45 நிமிடம். கையில் இருப்பதோ 10 மணி முதல் 7 மணி வரை 9 மணி நேரம். முகப்பு மண்டபத்தை இதில் சேர்க்கவே இல்லை. பேரன் ஐஸ்கிரீம் கேட்கும் நேரமும், பாட்டி பெஞ்சில் உட்காரும் நேரமும் இதில் கிடையாது.

இப்படிப்பட்ட நாளில் கடைசியில் வெட்டுப்படுவது எப்போதும் மரக்கட்டடங்கள்தாம். குழந்தைகளுக்கு இந்த ஊரில் மிகவும் பிடிப்பதும் அதுதான்.

நான்காம் உடைப்பு: பணமும் சீட்டும்

2022 மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் ரஷ்யாவில் சேவையை நிறுத்தின. இந்திய வங்கி கொடுத்த அந்த அட்டைகள் அங்கே ஏடிஎம்மிலும் கடையிலும் வேலை செய்யாது. டாலரோ யூரோவோ ரொக்கமாக எடுத்துப் போய், வங்கிக் கிளையில் பாஸ்போர்ட்டைக் காட்டி மாற்ற வேண்டும். நோட்டு கிழியாமல், கிறுக்கல், முத்திரை இல்லாமல் இருக்கட்டும். அழுக்கு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நோவ்கோரத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று விடாமல் பீட்டர்ஸ்பர்க்கிலேயே இரண்டு நாளுக்கு வேண்டியதையும், அதில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகவும் மாற்றி, இரண்டு பேர் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸுக்கும் நுழைவுச்சீட்டுக்கும் சில்லறை வேண்டும்.

ரயில் சீட்டுக்கும் இதே தொல்லை. ரஷ்ய ரயில்வே தளம் வெளிநாட்டு அட்டையை ஏற்காது. இந்தியாவிலிருந்து வாங்க வேண்டுமானால் கட்டணம் வாங்கும் இடைத்தரகர் வழியாகத்தான். இல்லையென்றால் பீட்டர்ஸ்பர்க்கில் இறங்கிய அன்றே மாஸ்கோ நிலையத்தின் கவுன்டரில் ரொக்கம் கொடுத்து வாங்குங்கள். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், மாஸ்கோ நிலையம் இருப்பது பீட்டர்ஸ்பர்க் நடுவில்தான். அங்கிருந்துதான் ‘லாஸ்தச்கா’ மின்ரயில் நோவ்கோரத்துக்குக் கிளம்புகிறது. ஏறத்தாழ 3 மணி நேரம். நாளுக்குச் சில வண்டிகளே ஓடுகின்றன. கோடை வார இறுதியில் சீக்கிரம் நிரம்பிவிடும்.

தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருப்பது சாதாரணம். தகப்பன் பெயர் ஓரிடத்தில் முழுதாகவும் இன்னோரிடத்தில் எழுத்தாகவும் வரும். ரஷ்யாவில் ரயில் சீட்டில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் அச்சாகும், ஏறும்போது சரிபார்ப்பார்கள். எனவே வரிசை மாறக் கூடாது: முதலில் விசா. விசாவில் பெயர் எப்படி வருகிறதோ, அதே எழுத்தில் காப்பீடு, ரயில், விடுதி. சீட்டை முந்தி வாங்கிவிட்டு விசாவில் வேறு வரிசையில் பெயர் வந்தால் திருத்துவது பெரும்பாடு.

இந்தியர்களுக்கு மின்விசா உண்டு. 2025 ஆகஸ்டிலிருந்து அது 120 நாள் செல்லும். தங்கல் 30 நாள் வரை. இறங்கும் நாளே முதல் நாள். இரவு 11 மணிக்கு இறங்கினாலும் அது ஒரு நாள்தான். குறிப்பிட்ட எல்லைச் சாவடிகள் வழியாக மட்டுமே நுழையலாம். பீட்டர்ஸ்பர்க்கின் புல்கவா விமான நிலையம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ரஷ்யாவில் செல்லும் மருத்துவக் காப்பீடு கட்டாயம். எல்லையில் தரும் குடிபெயர்வுச் சீட்டைப் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வையுங்கள். விடுதியில் பதிவு செய்ய அதைக் கேட்பார்கள். ஒரே ஓர் இரவு தங்கினாலும் விடுதி அந்தப் பதிவைச் செய்யும். அதன் நகலை வாங்கி வையுங்கள்.

போனை நம்பியும் இருக்க வேண்டாம். வெளிநாட்டவர் உள்ளூர் சிம் வாங்குவது 2025 முதல் கடினமாகிவிட்டது. மொபைல் இணையமும் அவ்வப்போது பாதுகாப்புக் காரணங்களால் நிற்கிறது. ரஷ்யச் செயலியான யாண்டெக்ஸ் வரைபடத்தில் நோவ்கோரத் பகுதியை முன்பே இறக்கி வையுங்கள். விடுதி முகவரியை ரஷ்ய எழுத்தில் தாளில் எழுதி ஆளுக்கொன்று கொடுங்கள். விமான நிலையங்கள் சில மணி நேரம் மூடப்படுவதும் நடக்கிறது. அதனால் இந்தப் பயணத்தை நாடு திரும்பும் நாளுக்கு முந்தைய நாளில் வைக்காதீர்கள். கிளம்பும் முன் இந்தியத் தூதரகத்தின் அறிவிப்புகளைப் பார்த்துவிடுங்கள்.

திருத்திய திட்டம்: வியாழன், வெள்ளி

மாதக் கடைசி அல்லாத வியாழனும் வெள்ளியும் எடுத்துக்கொள்வோம். எல்லாம் திறந்திருக்கும், வார இறுதிக் கூட்டமும் வந்து சேராது.

வியாழன் காலை இறங்கியதும் பையை விடுதியில் போடுங்கள். அறை மதியம் 2 மணிக்குத்தான் கிடைக்கும், ஆனால் பையை வாங்கி வைப்பார்கள். பிறகு நேராகக் கிரெம்ளின். செங்கல் மதில் பெரும்பாலும் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பியது, சுற்றளவு ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர். வளாகத்துக்குள் போகக் கட்டணமில்லை. சோபியா பேராலயம் 1045 முதல் 1050க்குள் கட்டியது. வழிபாடு நடக்கும் இடம் என்பதால் பெண்கள் தலைக்குத் துணி போட வேண்டும், ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். துப்பட்டா ஒன்று பையில் இருந்தால் போதும். உள்ளே 12ஆம் நூற்றாண்டின் ‘அடையாள அன்னை’ என்னும் மரியன்னை ஐகானைப் பாருங்கள். 1170இல் சூஸ்தல் படை முற்றுகையிட்டபோது இதை மதில்மேல் ஏந்தி நின்றார்கள், அம்பு தைத்தது, அன்னை கண்ணீர் விட்டாள் என்பது மரபு.

வெளியே வந்து மேற்குப் பக்கம் சுற்றிப் போங்கள். வழக்கமாக உள்ளே போகும் வாசல் அதுவல்ல என்பதால் பலர் தவறவிடுகிறார்கள். அங்கே 12ஆம் நூற்றாண்டில் மாக்டபுர்கில் வார்த்த வெண்கலக் கதவு இருக்கிறது. இலத்தீன் எழுத்தும் அதன்மேல் பின்னாளில் சேர்த்த சிரிலிக் எழுத்தும் பக்கம் பக்கமாகத் தெரியும். கீழே இடது மூலையில் இடுக்கியும் தராசுமாக நிற்கும் சிறிய மனிதர்கள் அதைச் செய்த கைவினைஞர்கள். வெயில் படுவது பிற்பகலில். படம் எடுக்க அப்போது இன்னொருமுறை வாருங்கள்.

அடுத்தது முதன்மை அருங்காட்சியகம். இங்கே அவசரம் கூடாது. 1951 ஜூலை 26 அன்று அகழ்வாய்வில் முதல் மரப்பட்டைக் கடிதம் கிடைத்தது. இதுவரை இந்த ஊரில் மட்டும் 1,100க்கு மேல். ஆற்றங்கரைக் களிமண்ணில் ஈரம் தேங்கிக் காற்று புகாததால் பட்டை அழுகாமல் நின்றது. மை கிடையாது. எலும்பாலோ இரும்பாலோ ஆன கூரிய கோலால் பட்டையின் உட்புறத்தில் கீறினார்கள். நம் எழுத்தாணி ஓலையில் கீறியதுபோலத்தான், ஆனால் கீறிய பின் கரி தடவும் வழக்கம் இங்கே இல்லை. அதனால் கண்ணாடிக்குள் எழுத்து சட்டென்று தெரியாது. பக்கவாட்டில் குனிந்து, விளக்கு சாய்ந்து விழும் கோணத்தில் பாருங்கள். கடன் பாக்கி, மீன், குதிரை, கல்யாணப் பேச்சு என்று அன்றாட விஷயங்கள்தாம் அவற்றில் இருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டுச் சிறுவன் ஒன்ஃபிம் எழுத்துப் பழகிய பட்டைகளில், தன்னையே குதிரைவீரனாக வரைந்து எதிரியை ஈட்டியால் குத்துகிறான். விரல்கள் மூன்றோ நான்கோ, எண்ணிக்கை கைக்குக் கை மாறும். பத்து வயதுப் பேரனுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கடிதங்களில் ஒரு பகுதி மாஸ்கோவில் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருப்பதால், எந்தப் பட்டை அசல், எது நகல் என்று பலகையைப் படித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குப் பின் நினைவுச்சின்னம். 1862இல் மிகேஷின் வடிவமைத்தது, 129 உருவங்கள். நடுவிலிருக்கும் பெரிய உருவங்களோடு நின்றுவிடாமல், கீழ்ப்பட்டையை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ஆட்சியாளர்கள், எழுத்தாளர்கள், படைத்தலைவர்கள் எல்லாம் இருப்பார்கள். நான்காம் இவான் இருக்க மாட்டார். 1570ஐ இந்த ஊர் மறக்கவில்லை. போரில் ஜெர்மானியர் இதைப் பிரித்துப்போட்டார்கள், எடுத்துப் போக நேரம் கிடைக்கவில்லை. 1944 நவம்பரிலேயே மறுபடி நிறுத்திவிட்டார்கள்.

வானம் காய்ந்திருந்தால் மாலை 4 மணிக்குள் பாலம் கடந்து முதலில் இல்யினா தெரு, பிறகுதான் யரஸ்லாவ் முற்றம். முற்றம் திறந்தவெளி, இரவு எட்டானாலும் பார்க்கலாம். ஜூலையில் 10 மணிவரை வெளிச்சம். 1113இல் தொடங்கிய நிக்கோலாஸ் பேராலயமும், வெள்ளை வளைவுகளோடு நிற்கும் பழைய வணிக முற்றத்து மதிலும் இங்கே இருக்கின்றன. இந்தக் கரையிலிருந்து கிரெம்ளினைப் படம் எடுக்க ஏற்றது காலை; மாலையில் சூரியன் அதற்குப் பின்னால் இறங்கும்.

வெள்ளி காலை 7 அல்லது 7ஏ பஸ்ஸில் யூரியெவ் பக்கம், 20 நிமிடம். முதலில் மடம்: 1119இல் தொடங்கிய கியோர்கிப் பேராலயம், அலங்காரமில்லாத நெடிய வெள்ளைச் சுவர். பெண்களுக்கு நீளப் பாவாடை வேண்டும். சேலையோ சுடிதாரோ இருந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. பிறகு ஒரு கிலோமீட்டருக்குள் வித்தஸ்லாவ்லித்சி, அதாவது மரக்கட்டடத் திறந்தவெளி அருங்காட்சியகம். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து மர வீடுகளையும் தேவாலயங்களையும் பிரித்துக் கொண்டுவந்து 1964 முதல் இங்கே சேர்த்தார்கள். பெரேத்கி கிராமத்து 16ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் மூலையில் நின்று, ஆணி இல்லாமல் கட்டைகள் ஒன்றையொன்று கவ்வியிருப்பதைத் தொடாமல் பாருங்கள். ஆறும் சதுப்பும் பக்கத்தில் என்பதால் கொசு அதிகம். களிம்பு எடுத்துப் போங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் ‘பெஸ் மியாசா’, இறைச்சி இல்லாமல், என்று கேட்டால் மட்டும் போதாது. போர்ஷ் சூப்பில் இறைச்சித் துண்டு இல்லாவிட்டாலும் அடிச்சாறு மாட்டிறைச்சியாக இருக்கலாம். ‘போஸ்த்னயே’, நோன்புச் சாப்பாடு, என்று கேளுங்கள். இறைச்சி, பால், முட்டை மூன்றும் இருக்காது, மீன் மட்டும் இருக்கக்கூடும், அதைத் தனியாகக் கேட்டுவிடுங்கள். முட்டைக்கோசு அல்லது உருளைக்கிழங்கு வைத்த பிரஷ்கி பன்னும் பக்வீட் கஞ்சியும் எங்கும் கிடைக்கும்.

வெள்ளி மதியம் ஊருக்குத் திரும்பும்போது, முந்தைய நாள் மழையால் இல்யினா தெரு தவறியிருந்தால் அதற்கு இன்னொரு வாய்ப்பு. அப்போதும் கதவு மூடியிருந்தால் எதிரிலேயே இருக்கும் 17ஆம் நூற்றாண்டு ஸ்நாமென்ஸ்கி பேராலயத்தின் வாசலைத் தட்டிப் பாருங்கள். அதுவும் மூடியிருந்தால் கிரெம்ளினுக்குப் போய் முகப்பு மண்டபம். 1433இல் பேராயர் யெவ்ஃபிமி ஜெர்மன் கொத்தர்களை அழைத்துக் கட்டிய கோதிக் கூடம் அது. மழை அதற்கு ஒரு பொருட்டல்ல. திரும்பும் ரயிலுக்கு 40 நிமிடம் முன்பே நிலையத்தில் இருங்கள்: வாசலிலேயே பைச் சோதனை, பிறகு பெட்டி வாசலில் பாஸ்போர்ட்.